கசப்பன் இனித்தது

ஜூன் 3

மருமகளுக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை என்கிறார் தையற்காரர். அதைக் கடைசியில் கேட்டுக்கொள்கிறேன். முதலில் இதற்குப் பதில் சொல். மாட்டுக்குத் தீவனம் வேகவைக்கிற என் பெரிய அண்டாவில் நீ என்னத்தைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறாய்?

பால் வண்டிக்காரர் இந்தப் பக்கம் வந்தபோது சின்னவனிடம் சொல்லிவிட்டுப் போனாராம். முற்றம் முழுக்கச் சோளத்தட்டையும் சூரியகாந்தித் தண்டும் நறுக்கிக் கிடக்கிறதாம். அதை ஊறவைத்து, வடித்து, சுண்டக் காய்ச்சி, முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு கீழ்மேய்ச்சலில் தெளிக்கப் போகிறாயாம். களை அடங்கிவிடுமாம். சின்னவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்பு எலும்பு உடைந்து இவன் வீட்டு நாலாவது மாடியில் கிடக்கிறேனே தவிர, நான் இன்னும் போய்ச் சேரவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போனில் கேட்கலாமே என்று நீ சொல்லமாட்டாய். நம் வீடு இருக்கிற மேட்டில் போன் எடுக்காது. எடுத்தாலும் என் காதுக்கு எதிராளி தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்திக்கொண்டே யாரால் உள்ளதைப் பேச முடியும்? எனக்கு எழுத்து வராது. கீழ்த்தளத்துத் தையற்காரருக்கு வரும். துணி வராத நேரமாகப் பார்த்து மேலே ஏறி வந்து, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். உன் பதிலை என் காதருகே வாசிக்கப்போகிறவரும் அவர்தான். அதனால் குடும்ப விஷயத்தைக் கொஞ்சம் பார்த்து எழுது.

கசப்பனைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ரயில் பாதைக்கு மண் கொட்டின வருஷம் மண் லாரியோடு வந்த செடி அது. முதல் செடி பூத்தது கீழ்மேய்ச்சலில், ஓடை திரும்புகிற மூலையில். பெரியவன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். அந்த மஞ்சள் பூவைப் பறித்து வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். கசப்பன் என்று பெயர் வைத்தவள் அவன் அம்மா. அன்றிலிருந்து கையால் பிடுங்கித்தான் அதை ஒரு மூலையில் நிறுத்தி வைத்திருந்தோம். சோம்பேறித்தனத்துக்கு அண்டா எதற்கு?

இப்போது கேட்கிறேன். சுகமா?

உன் மாமனார்

ஜூன் 9

மாமாவுக்கு,

சுகம்தான். அண்டாவும் சுகமாக இருக்கிறது. தையற்காரருக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தை அவர் குரலைத் தாழ்த்தாமல் வாசிக்கலாம்.

சோம்பேறித்தனம் என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். கசப்பன் பிடுங்க இந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். உங்கள் பெரிய மகனை மண்ணுக்குள் வைத்துவிட்டோம். உங்களை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினேன். மிச்சம் நான் ஒருத்தி. கூலிக்கு வந்தவர்கள் ஒரு நாள் பிடுங்கிவிட்டு, கை கொப்புளம் போட்டுவிட்டது என்று மறுநாள் வரவில்லை. பிடுங்கும்போது அறுந்த வேர் ஒவ்வொன்றும் இரண்டாக முளைக்கிறது. ஓடை மூலையில் நின்ற செடி இப்போது கீழ்மேய்ச்சலில் பாதியைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் விட்டுப்போன இடமாக அதை நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

இதை உங்களிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். மாட்டை விற்றுவிட்டு நிலத்தையும் கைமாற்றிவிடலாம் என்று சின்னவர் இரண்டு முறை என்னிடம் சொல்லிவிட்டார். புல் இல்லாவிட்டால் அவர் சொல்வதுதான் நடக்கும். மாடு இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை? கால் தேறினாலும் நீங்கள் திரும்பி வர என்ன இருக்கிறது? அதனால்தான் அண்டா.

கடையில் விற்கிற களைக்கொல்லியைத் தெளித்தால் சொசைட்டியில் பால் எடுக்கமாட்டார்கள். ஆராய்ச்சி நிலையத்து அம்மாவிடம் போய்க் கேட்டேன். சோளம் அறுத்த நிலத்தில் களை குறைவாக இருக்கும் என்று நீங்களே சொல்வீர்கள் அல்லவா? சோளத்தின் வேரிலும் தட்டையிலும் இருக்கிற ஏதோ ஒரு சத்து பக்கத்துச் செடியை எழவிடாமல் அடக்குகிறதாம். சூரியகாந்தியிலும் அப்படி ஒன்று உண்டாம். செடிக்கும் செடிக்கும் நடக்கிற சண்டையில் நாம் ஒரு பக்கம் சேர்ந்துகொள்கிறோம், அவ்வளவுதான் என்றார். புல் கொஞ்சம் வாடிப் பிறகு எழுந்துவிடுமாம்.

ஒரே ஒரு தொல்லை. கசப்பன் இலையில் மெழுகு பூசினாற்போல் இருப்பதால் தெளிக்கிற நீர் உருண்டு கீழே போய்விடுகிறது. நாலு தடவை தெளித்தும் இலை நனையவில்லை. சோப்புக் கரைசல் கலந்தால் ஒட்டும் என்கிறார் அந்த அம்மா. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

மருமகள்

ஜூன் 15

மருமகளுக்கு,

கேட்டாய் பார், அதற்காகவே பாதிக் கோபம் போய்விட்டது. மீதியை நான் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கீழ்மேய்ச்சலில் பாதி என்று தையற்காரர் வாசித்தபோது தப்பாக வாசிக்கிறார் என்று நினைத்தேன். திரும்ப வாசிக்கச் சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பிறகு சின்னவனைக் கூப்பிட்டு, மாட்டை விற்கச் சொன்னாயா என்று கேட்டேன். என் வயதைப் பற்றியும் என் இடுப்பைப் பற்றியும் நிறையப் பேசினான். பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியே போதும்.

சோப்பு வேண்டாம். புல்லிலும் அது படியும். சோப்பு நாறுகிற புல்லில் என் மாடு வாய் வைக்காது. ஆராய்ச்சி நிலையத்தில் மாடு கிடையாது போலிருக்கிறது. கொட்டிலில் தெற்கு மூலையில் பாகுப் பீப்பாய் இருக்கிறதே, சர்க்கரை ஆலையிலிருந்து வருகிற கறுப்புப் பாகு, அதில் கொஞ்சம் எடுத்துக் கலந்து பார். அது ஒட்டாத இடம் உண்டா? பெரியவன் சின்ன வயதில் பீப்பாயைத் திறந்து தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றது எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியும் போகவில்லை. கடைசியில் மொட்டையடித்தோம். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று இரண்டு நாள் வைக்கோல் போருக்குள் இருந்தான்.

பாகு மாட்டுக்கும் கேடில்லை, புல்லுக்கும் கேடில்லை. வெயில் தாழ்ந்த பிறகு தெளி. காற்றுக்கு எதிரே நிற்காதே.

மாமனார்

ஜூலை 20

மாமாவுக்கு,

வேலை செய்கிறது.

எழுதவே பயமாக இருந்தது, அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. பாகு கலந்தவுடன் நீர் இலையில் அப்படியே படிந்தது. ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கசப்பன் எல்லாம் ஒன்றாகத் தலையைத் தொங்கப்போட்டது. வெட்டின மாதிரி இல்லை, கருகின மாதிரியும் இல்லை. யாரோ மிரட்டி உட்காரவைத்த மாதிரி. மறுபடியும் தெளித்தேன். இப்போது பழுப்பும் மஞ்சளுமாக மடிந்து கிடக்கிறது. நடுவே புல் எழும்பி வருகிறது. நிலையத்து அம்மா வந்து பார்த்துவிட்டு, தன் சோதனை நிலத்தில்கூட இவ்வளவு அடங்கவில்லை என்றார். பாகு கலந்ததைச் சொல்வதற்குள் அவர் ஜீப் கிளம்பிவிட்டது.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். மடிந்த செடி மக்கி மண்ணாகிற வரை மாட்டை உள்ளே விடக் கூடாதாம். வாடின கசப்பனில் கசப்புக் குறைந்துவிடும், மாடு தின்றுவிடும், தின்றால் நல்லதில்லை என்கிறார். இல்லாவிட்டால் வாரி எடுத்துக் கொளுத்த வேண்டுமாம். அவ்வளவு பெரிய இடத்தை நான் எப்படி வாருவது?

மேல்மேய்ச்சலில் புல் தரையோடு தரையாகப் போய்விட்டது. மழை இன்னும் இறங்கவில்லை. கட்டி வைத்த காய்ந்த புல்லும் தீரப்போகிறது. மந்தைக்கு முன்னால் நடக்கிற நம் பசு அத்தை தினமும் கீழ்மேய்ச்சல் படலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு கத்துகிறாள். அத்தை நின்றால் மந்தையே நிற்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை. என்ன செய்யட்டும்? மாடு உங்களுடையது. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

மருமகள்

ஜூலை 25

மருமகளுக்கு,

படலைத் திற.

அந்த அம்மா படித்தவர், செடியைப் பற்றி அவர் சொன்னது பலித்தது, ஒப்புக்கொள்கிறேன். மாட்டைப் பற்றி என்னிடம் கேள். கிணறு வற்றின வருஷம் என் மாடுகள் வேலி மரத்துப் பட்டையைத் தின்றன. என் வேட்டியைத் தின்றன. கொட்டில் கூரையில் செருகியிருந்த பழைய ஓலையை இழுத்துத் தின்றன. கசப்பன் அப்போதும் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது, ஒன்றுகூட வாய் வைக்கவில்லை. அத்தையின் பாட்டி காலம் அது. சிவப்பு உடம்பு, ஒரு கொம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும், இடது பின்காலை இழுத்து நடக்கும். பசியில் கீழே விழுந்தபோது அதன் முகத்துக்கு நேரே ஒரு கசப்பன் செடி நின்றது. தலையைத் திருப்பிக்கொண்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அதன் வயிற்றில் வந்தவைதான் எல்லாம். வாடினால் என்ன, காய்ந்தால் என்ன, அவற்றுக்குத் தெரியும். பசியில் நிற்கிற மாட்டைப் புல்லுக்கு வெளியே நிறுத்தி வைப்பது பாவம். நான் சொல்கிறேன், திற.

நேற்றுக் கழி ஊன்றிச் சன்னல் வரை நடந்தேன். சின்னவன் வேலையிலிருந்து வந்ததும் காட்டினேன். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

மாமனார்

ஆகஸ்ட் 8

மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி திறந்துவிட்டேன். எல்லாம் உள்ளே பாய்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். கிடாரிகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் பால் கூடியிருக்கிறது. தோல் எண்ணெய் தடவினாற்போல் மின்னுகிறது. வண்டிக்காரர் கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, தண்ணி ஊத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

ஒரு வேடிக்கை நடந்தது. உங்கள் ஞாபகத்தில் இதுவரை ஓட்டை கண்டுபிடித்தவர்கள் இல்லை. நான் ஒன்று கண்டுபிடித்துவிட்டேன். மாடுகள் கசப்பனைத் தின்கின்றன. முதலில் அத்தைதான். ஒரு மடிந்த செடியை நாக்கால் தடவினாள், நின்றாள், மறுபடி தடவினாள். பிறகு அடியோடு சுருட்டி இழுத்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவையும். இப்போது புல்லை விட்டுவிட்டு அதைத்தான் தேடித் தேடித் தின்கின்றன. கையைத் தட்டி விரட்டிப் பார்த்தேன். ஒரு இலையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பே இல்லை மாமா. இனித்தது.

இரண்டு நாள் விடாமல் பார்த்தேன். ஒரு மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அசை போடுகிறது, சாணி நன்றாக இருக்கிறது. சோளத்து நீர் கசப்பையே எடுத்துவிட்டது போலிருக்கிறது. கசப்புப் போனால் கேடும் போனது என்றுதானே அர்த்தம்? வாரிக் கொளுத்துகிற வேலையும் எனக்கு மிச்சம். ஓடைப்பக்கம் முழுக்கச் சுத்தமாகிவிட்டது.

மழை வருகிற மாதிரி இருக்கிறது.

மருமகள்

ஆகஸ்ட் 12

மாட்டையெல்லாம் வெளியே ஓட்டு. படலைக் கட்டு.

சின்னவனை விட்டுச் சொசைட்டிக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். வண்டிக்காரர் உன்னிடம் வந்து சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் இதை வாசிக்கிற கையோடு போய்க் கட்டிவிட்டு வந்து மீதியை வாசி.

கசப்பு வேறு, விஷம் வேறு. கசப்பு காவலுக்கு நின்றது, அவ்வளவுதான். நாம் காவலைக் கிளப்பிவிட்டோம். உள்ளே இருப்பது இருக்கிறபடியே இருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். மலைச்சரிவில் ஒரு குதிரைக்காரன் இருந்தான். மாடும் வைத்திருந்தான். அவன் அறுத்துக் கட்டின காய்ந்த புல்லில் கசப்பன் கலந்திருந்தது. புல்லோடு புல்லாக மாடு தின்றுவிட்டது. அப்போது ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் நன்றாக இருந்தன. பருவம் மாறினபிறகு ஒரு நாள் போனேன். அவன் பசு கொட்டில் சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. கூப்பிட்டால் திரும்பவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தால் வட்டமாகச் சுற்றிவிட்டு மறுபடி அதே சுவருக்குப் போனது. நெற்றித் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் அப்படிப் போயின. உள்ளே ஈரல் கல்லாகிவிட்டது என்றார்கள். இதை உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், என் மாடு அதைத் தொடாது. தொடாத ஒன்றைப் பற்றி என்ன பேச்சு என்று இருந்துவிட்டேன்.

இனித்தது என்று எழுதியிருக்கிறாய். சோளத்து நீர் இல்லை அம்மா அது. பாகு. தாய்ப்பால் மறக்கிற கன்றுக்கு வைக்கோலில் பாகு தெளித்துத்தான் மேயப் பழக்குவேன். இந்த மந்தையில் என் கையால் பாகு நக்காத உருப்படி இல்லை. பாகு இருந்தால் சாக்கையும் தின்னும்படி வளர்த்தவன் நான்.

எது எது தின்றது, எது குறைவாகத் தின்றது, பார்த்துச் சொல். மாட்டு டாக்டரைக் கூப்பிடு.

ஆகஸ்ட் 20

மாமாவுக்கு,

வண்டிக்காரர் வந்து சொன்னார். படலைக் கட்டினேன். கட்டி என்ன, உள்ளே தின்னக் கசப்பன் மிச்சமில்லை. எது தின்றது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாமே. பால் குடிக்கிற கன்று இரண்டும் வீட்டுப் பக்கம் கட்டியிருந்ததால் அவை மட்டும் தின்னவில்லை.

டாக்டர் வந்தார். இரத்தம் எடுத்துப்போனார். நேற்றுத் திரும்பி வந்தபோது வாசலில் செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார், அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஈரலில் பட்டுவிட்டதாம். கொடுக்க மருந்து கிடையாதாம். சிலது தப்பும், சிலது தப்பாது, எது என்று பார்த்துச் சொல்ல முடியாது, மூன்று மாதமும் ஆகலாம், கூடவும் ஆகலாம் என்றார். தின்ற மாட்டின் பாலையும் யாரும் குடிக்க வேண்டாம் என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். பையை மூடிக்கொண்டு எழுந்தார். கன்றுகளுக்கு வெளிப்பால் வாங்கிப் புட்டியில் கொடுக்கிறேன். கறந்ததைக் குழி வெட்டி ஊற்றுகிறேன். சொசைட்டியில் மாடெல்லாம் சினையாகிப் பால் வற்றுகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்தான்.

எனக்குப் பயம் எதில் தெரியுமா? இவை இவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. மழை பெய்துவிட்டது. மாடுகள் இப்போது நிற்கிற மேல்மேய்ச்சலில் புல் கணுக்கால் வரை எழுந்துவிட்டது. ஒவ்வொன்றும் மின்னுகிறது. நான் உள்ளே போனால் எல்லாம் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கின்றன. நான் ஒவ்வொன்றின் நெற்றியையும் பார்க்கிறேன்.

இன்று காலையில் தரகர் ஒருவர் வந்தார். நான் கூப்பிடவில்லை. சின்னவர் அனுப்பினாராம். மந்தையைச் சுற்றி வந்துவிட்டு, அத்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்து, மொத்தத்தையும் ஏற்றிக்கொள்கிறேன், விலையில் பேச்சே வேண்டாம் என்றார். அடுத்த வாரம் வருகிறேன் என்று போயிருக்கிறார். டாக்டர் வாயைத் திறக்கமாட்டார் என்று சின்னவர் எனக்குத் தனியாக ஒட்டின கவரில் எழுதி அனுப்பியிருக்கிறார்.

நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மருமகள்

ஆகஸ்ட் 25

மருமகளுக்கு,

விற்றுவிடு.

தையற்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதை என் கையால் எழுதமாட்டேன் என்கிறார். கை உங்களுடையது, வாய் என்னுடையது, பாவம் வாய்க்குத்தான் என்று சொல்லி எடுக்கவைத்திருக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுதுகிறார்.

நான் யோசிக்காமல் சொல்லவில்லை. இந்த மந்தை போனால் நீ வெறுங்கையோடு நிற்பாய். உன் அண்ணன் வீட்டுச் சமையல்கட்டில் ஓரமாக ஒரு பாய் கிடைக்கும், அவ்வளவுதான். பெரியவன் இருந்திருந்தால் வேறு. அவன் இல்லை. இப்போது விற்றால் அந்தப் பணத்தில் நாலு கிடாரி வாங்கிப் புதிதாகத் தொடங்கலாம். கீழ்மேய்ச்சல் சுத்தமாக இருக்கிறது, நீயே சொன்னாய். வாங்குகிறவன் எங்கேயோ கொண்டுபோய் யாருக்கோ கொடுப்பான். அவன் முகம் நமக்குத் தெரியாது.

அத்தையை மட்டும் நிறுத்திக்கொள். வேண்டாம், அத்தையையும் கொடுத்துவிடு. அத்தை இல்லாமல் மற்றவை வண்டியில் ஏறாது.

முன்யோசனை இல்லாமல் பாகைக் கலக்கச் சொன்னவனும் நான், படலைத் திறக்கச் சொன்னவனும் நான். இதையும் நானே சொல்லிவிடுகிறேன். உனக்கு இதில் பங்கு வேண்டாம்.

மாமனார்

அக்டோபர் 30

மாமாவுக்கு,

விற்கச் சொன்ன கடிதமும் அதன்பின் நீங்கள் போட்ட இரண்டும் வந்தன. வேண்டுமென்றுதான் பதில் எழுதவில்லை. என்ன எழுதினாலும் திட்டாகத்தான் வந்திருக்கும்.

நான் விற்கவில்லை.

தரகர் லாரியோடு வந்தார். நாலு பேர் கூட வந்தார்கள். பின்கதவை இறக்கி வைக்கோல் பரப்பினார்கள். உங்கள் கடிதம் என் இடுப்பில்தான் இருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நானும் நின்றுகொண்டிருந்தேன். அவர் அத்தையின் கழுத்தில் கையைப் போட்டபடி, "வாங்கப்போறது ஒரு விதவைப் பொம்பளைம்மா. உங்களாட்டமே தனியா மாடு வச்சுப் பொழைக்குது. நல்ல உருப்படியா பாத்துக் கொண்டான்னுச்சு" என்றார். நல்ல மனுஷர், பேச்சுக்குத்தான் சொன்னார்.

"இதுங்க கசப்பன் தின்னிருக்கு" என்றேன்.

"எது?"

"எல்லாமே."

அவர் கையை எடுத்துக்கொண்டார். துண்டில் துடைத்துக்கொண்டார். பரப்பின வைக்கோலைக்கூட வாராமல் லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அன்றே சொசைட்டிக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். இப்போது பால் வண்டி மேடு ஏறுவதில்லை. வண்டிக்காரர் கீழே நின்று ஹாரன் அடித்தால் நான் இறங்கிப்போய்த் தபாலை வாங்கிக்கொள்கிறேன். சின்னவர் வந்து, "உங்களுக்குப் பைத்தியமா அண்ணி?" என்று கேட்டுவிட்டுப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பாலோ என்று பயந்தாரோ என்னவோ.

கீழ்மேய்ச்சல் சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிறது. மேல்மேய்ச்சலைப் போய்ப் பார்த்தேன். ஒரு நாளும் கசப்பன் முளைக்காத இடம் அது. ஆகஸ்டில் மாடுகளை அங்கேதான் ஓட்டினேன். சாணி விழுந்த இடத்திலெல்லாம் இரண்டு இலையும் மூன்று இலையுமாக எழுந்திருக்கிறது. தின்ற செடியில் விதை இருந்திருக்கிறது. ஒன்றைக் கிள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். கசந்தது. அப்பாடா என்று இருந்தது மாமா. நிலையத்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாகு என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். முளையிலேயே சோப்புக் கலந்து தெளித்தால் அடங்கும், கன்று இரண்டையும் அந்தப் பக்கமே விடாதே என்றார். அண்டாவை மறுபடி ஏற்றியிருக்கிறேன்.

இரண்டு கிடாரி போய்விட்டன. டாக்டர் ஊசி போட்டு முடித்தார். கஷ்டப்படவில்லை என்றார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கஷ்டப்பட்டன.

நேற்றிலிருந்து அத்தை கொட்டிலுக்குள் நிற்கிறாள். வடக்குச் சுவர். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

மருமகள்

நவம்பர் 5

மருமகளுக்கு,

உன் கடிதத்தை வாசித்து முடித்துவிட்டுத் தையற்காரர் எழுந்துபோய்ச் சன்னலருகே நின்றார். நான் சொன்னபடி நீ செய்யாததில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு நிம்மதி. எனக்கும்தான். அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. இப்போது எழுதச் சொல்கிறேன், தெரிந்துகொள்ளட்டும்.

நான் புறப்படுகிறேன். தீவன லாரிக்காரன் ஒருவனைப் பேசிவிட்டேன். முன்சீட்டில் தலையணை வைத்து உட்காரவைக்கிறேன் என்கிறான். நாலு மாடியையும் தையற்காரரும் அவருடைய மச்சானும் நாற்காலியோடு தூக்கி இறக்கப்போகிறார்கள். அந்த வெறும் மேட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டான் சின்னவன். எனக்குக் காது கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

டாக்டர் பார்த்துச் சொல்ல முடியாது என்றாரே, அது அவருக்கு. தப்பாத மாடு எது என்று எனக்குத் தெரிந்துவிடும். கண் முதலில் மாறும். பிறகு பக்கத்து மாட்டை விட்டு விலகிப் படுக்கும். முன்கூட்டியே தெரிந்தால் சுவர் வரைக்கும் போகவிடாமல் டாக்டரைக் கூப்பிட்டுவிடலாம். ஒவ்வொன்றையும் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். உனக்கு அண்டா இருக்கிறது, மேல்மேய்ச்சல் இருக்கிறது, இரண்டு கன்று இருக்கிறது. எனக்கு வேறு வேலை இல்லை.

வடக்குச் சுவர் கருங்கல். அதில் சாக்கைக் கட்டு, உள்ளே வைக்கோலை இறுக்கி அடை. கழுத்துக் கயிறு எதற்கும் இருக்க வேண்டாம், சுற்றிக்கொள்ளும். அத்தைக்குத் தண்ணீரை வாளியில் வைக்காதே, அவளுக்கு வாளி தெரியாது. துணியை நனைத்து வாயில் பிழி. பக்கவாட்டில் நின்று செய், முன்னால் நிற்காதே. தலையை அழுத்தத் தொடங்கினால் எதிரே இருப்பது சுவரா ஆளா என்று அதற்குத் தெரியாது.

என் கட்டிலை வீட்டுக்குள் போடாதே. கொட்டிலில், அத்தைக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் போடு.

மாமனார்